லியோபாவுக்குக் கொடுத்த ஹூடி

"வெயிட் மிஸ், அந்தச் சாமியார் தன்ர ஹூடியைக் கழட்டிக் குடுத்தாரா?"

ஷாந்தன் கேட்டதும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பே சிரித்தது. வதனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தலைமூடி வைத்த துறவி அங்கியை வேறு என்னவென்று சொல்வது?

டெக்சாஸின் கேட்டி நகரில் இது அவளுடைய கடைசி வகுப்பு. குடும்பத்தின் முதல் பட்டதாரி, கலிபோர்னியாவின் மில்பிடாஸில் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஜெயமலர் மாமி வெளியே காரில் காத்திருந்தார்.

புனித பொனிபாஸ் மரம் வெட்டிய கதையை வதனி வேண்டுமென்றே விட்டுவிட்டாள். அடுத்தவர் கும்பிடுகிற மரத்தில் கோடரி வைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும், புனிதரானாலும் சரி. லியோபாவைப் பற்றித்தான் சொன்னாள். இங்கிலாந்துப் பெண். தாய்வழிச் சொந்தமான பொனிபாஸ் கூப்பிட, கடல் தாண்டி ஜெர்மனிக்குப் போய் அங்கே பெண்களுக்கு எழுத்தறிவித்தவள். கடைசிப் பயணம் கிளம்பும்போது அவர் தன் அங்கியை அவளிடம் கொடுத்தார். போன இடத்தில் கொள்ளைக்காரர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

"அவருக்கு வைஃப் இல்லையா? ஏன் அவவுக்குக் குடுக்கேல்ல?"

"சாமியாருக்கு ஏதடா வைஃப்!"



ஏசி குளிருக்கு இழுத்து மூடியிருந்த தன் ஹூடியைக் குனிந்து பார்த்தாள். நெஞ்சில் மாமா வேலை பார்த்த காஸ் ஸ்டேஷனின் பெயர். அதன் கீழே, 'ஞானேஸ்'.

"லைப்ரரியில குளிரும், போட்டுக்கொண்டு படி" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் மாமா அன்று வேலைக்குப் போனார். கடைக்குள் துப்பாக்கியோடு ஒருவன் வந்தான். மாமா வீடு திரும்பவில்லை.

மாமாவுக்கு வைஃப் இருந்தார்.

இரண்டு வருடம். மாமி இதை இவள் தோளில் பார்த்துக்கொண்டே சாப்பாடு கட்டிக் கொடுத்தார். ஒருநாளும் தா என்று கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும், கையால் தோய்க்க வேண்டும் என்று பிடுங்கிக்கொண்டு போவார். மெஷின் இருக்க இதென்ன கூத்து என்று வதனி எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் ஓடினாள். டெக்சாஸ் வெயிலில் ஹூடியைக் கழற்றி மாமியின் மடியில் வைத்தாள்.

மாமி அதை முகத்தோடு வைத்து ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இறங்கி வந்து, அவளுக்கே போட்டுவிட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

"விசரி. அவர் உனக்கெண்டுதானே குடுத்தவர். சனிக்கிழமையில என்னட்டத்தானே இருந்தது."

காருக்குள் ஏறியவர் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின்ல மட்டும் போட்டிடாதை, என்ன?"