பென்ஸ் காருக்கு ரெக்ஸின் சீட்டு

"லெதரை உருவிட்டு ரெக்ஸின் போடணுமா? பாய், நெஜமாத்தான் சொல்றீங்களா?"

சத்துவாச்சாரியில் கார் சீட் தைக்கும் கடை வைத்திருக்கும் அன்பரசன் அதிர்ந்து போனதில் தப்பே இல்லை. எதிரே நின்றது பழைய பென்ஸ் கார். சீட்டு, கதவின் உள்பக்கம் எல்லாம் அசல் தோல், இன்னும் ஒரு வெடிப்புகூட விடவில்லை. சொன்னவரோ நிசார் அஹமது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்து, வெளிநாட்டுக்குத் தோல் ஏற்றுமதி செய்கிறவர்.

"நெஜமாத்தான். உள்ள ஒரு துண்டு தோல்கூட இருக்கக் கூடாது. அப்பறம் அந்த டச் ஸ்க்ரீனைப் புடுங்கிட்டு, வண்டியோட வந்த பழைய ரேடியோவை மாட்டணும். டிக்கியில இருக்குது."

ரேடியோ, ஒயரிங் எல்லாம் அன்பரசனின் மனைவி அம்பிகாவின் இலாகா. தலையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுப் பார்த்தாள்.

"ஒயரை எலி கடிச்சு வச்சிருக்கு பாய். புதுசாவே இழுத்துடறேன்."

"இழும்மா. குமிழைத் திருகித் திருகி ஸ்டேஷன் புடிக்கணும். எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் கிளம்பியதும் அன்பரசன் ஆரம்பித்துவிட்டான்.

"பாத்தியா கதையை! ஊரு ஒலகத்துக்கெல்லாம் தோல் விக்கிறாரு, சொந்த வண்டிக்கு ரெக்ஸினாம். வண்டியை எவன் தலையிலயோ கட்டப் போறாரு. அதுக்கு முன்னாடி தோலை உருவிக்கிறாரு. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு இல்ல?"

"அவரு வண்டி, அவரு இஷ்டம். உனக்கு இன்னா பேஜாரு? சொன்னதைச் செய்."

அன்பரசனும் ஆம்பூர்க்காரன்தான். நல்ல தோலில் கத்தி வைக்க அவனுக்குக் கை வரவில்லை. கதவுகளில் இருந்ததை மட்டும் அலுங்காமல் கழற்றிச் சுருட்டினான். சீட்டில் இருந்ததை அப்படியே விட்டு, அதன் மேலேயே ரெக்ஸினை இழுத்துத் தைத்துவிட்டான்.

"ஒருநாள் புத்தி தெளிஞ்சு வருவாரு பாரு. மேல இருக்கறதை உருவினா, உள்ள அசல் தோல் அப்படியே இருக்கும். 'அன்பு, என் கண்ணைத் தொறந்துட்டே'ன்னு கையைப் புடிச்சுக்குவாரு."

"மாட்டிக்கினா என்னைக் கூப்புடாதே" என்றாள் அம்பிகா.

வேலை முடிந்தது. சொன்ன நாளில், பகல் வெயிலில் நிசார் அஹமது ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே கைத்தடியும் ரப்பர் செருப்புமாக இன்னொருவர்.

"இவன் ஜோதிலிங்கம். திமிரியில மாட்டு டாக்டரா இருந்து ரிடையர் ஆனவன். காலேஜ்லேர்ந்து என் தோஸ்த்" என்றார் நிசார்.

"மாட்டு டாக்டரும் தோல் வியாபாரியும் தோஸ்தா!" அம்பிகா சிரித்துவிட்டாள்.

"அதேதாம்மா எங்க தகராறே! இவன் வள்ளலார் வழி. செருப்பு, பெல்ட்டு, வாட்ச் வாரு, எதுலயும் தோல் ஆகாது. நான் இந்த பென்ஸை வாங்கின நாள்லேர்ந்து இவன் ஒரு தபா ஏறினது இல்ல. நான் பென்ஸ்ல போவேன், இவன் பின்னாடியே டிவிஎஸ்-ல வருவான். எங்க போனாலும் இப்டித்தான். இப்ப முட்டி ஆபரேஷன், டிவிஎஸ் ஓட்ட முடியாது. தைப்பூசத்துக்கு வடலூரு போவணும், டாக்ஸியில போய்க்கிறேன்றான். நான் எதுக்குடா இருக்கேன்?"

நிசார் நண்பரின் தோளில் கை போட்டார். "சாவறதுக்குள்ள ஒரு தபாவாவது இவன் என் பக்கத்துல ஒக்காந்து வரணும். அதான் எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன். ரேடியோவும் இவனுக்காகத்தான். குமிழைத் திருகினாத்தான் இவனுக்குப் பாட்டு கேட்ட மாதிரி இருக்கும்."

அன்பரசன் திரும்பி அம்பிகாவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

'நில்லுங்க பாய்' என்று அவன் வாயைத் திறப்பதற்குள், நிசார் கதவைத் திறந்து நண்பரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்துவிட்டார். தானும் ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"பார்றா, சுத்தமான ரெக்ஸின்! ஆம்பூர்ல எவனாவது பாத்தா என்னைக் கல்லால அடிப்பான்."

டாக்டர் குமிழைத் திருகினார். கரகரவென்று ஏதோ ஒரு ஸ்டேஷன் பேசியது. இன்னும் கொஞ்சம் திருகினார், பாட்டு வந்தது. இருவரும் காலேஜ் பையன்களைப் போலச் சிரித்தார்கள்.

வெயிலில் நின்ற வண்டி அது. உள்ளே சூடு ஏற ஏற, ரெக்ஸினுக்கு அடியிலிருந்து தோல் வாசனை மெல்லக் கிளம்பியது. நிசாருக்கு அது தெரியவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த வாசனையிலேயே இருப்பவர்.

டாக்டர் ஒருமுறை மூச்சை இழுத்தார். சிரிப்பு நின்றது. சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நிசாரு, பாட்டு இரையுது. எறங்கிப் போய் ஏரியலை இழுத்து வுடேன்."

நிசார் சந்தோஷமாக இறங்கிப் பின்பக்கம் போனார். டாக்டர் அன்பரசனை விரலசைத்துக் கூப்பிட்டார்.

"அடியில தோல் இருக்குது, இல்ல?"

அன்பரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஐயா, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அறிவுகெட்டுப் போய் உள்ள வச்சுத் தைச்சுட்டேன். எறங்குங்க ஐயா, இப்பவே பிரிச்சுடறேன்."

"உஷ்! மெதுவாப் பேசு."

"இப்ப கேக்குதாடா?" பின்னாலிருந்து கத்தினார் நிசார்.

"ஜோராக் கேக்குது, வா, போலாம்!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, டாக்டர் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"செத்த மாட்டுக்கு இனிமே வலிக்காதுப்பா. இப்ப நான் எறங்கினா இவனுக்கு வலிக்கும்."