மூணு செகண்டில் நூறு

கார் ஷோரூம் வாசலில் ஒரு வேகத்தடை கிடந்தது. வருகிற வண்டிக்கெல்லாம் முதுகைக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன வேகத்தடை. அதற்கு ஒரே சிநேகிதன், ஷோரூம் கதவிடுக்கில் ஏசி காற்று வாங்கிக்கொண்டு படுத்திருக்கும் தெருநாய். உள்ளே பேசுவதெல்லாம் நாயின் காதில் விழும்.

"அண்ணே, தீபாவளிக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வருதாம். மூணு செகண்டுல நூறைத் தொடுமாம். விலை எண்பது லட்சம் இருக்கும்னு பேசிக்கிறாங்க."

"போன வருஷமும் இப்படித்தான் ஒண்ணு வந்துச்சு" என்று வேகத்தடை கொட்டாவி விட்டது.

வாரம் போகப்போக எண்பது லட்சம் ஒரு கோடியானது, மூணு செகண்ட் இரண்டரையானது. "உன் மேல படாமலே பறந்துடும், பாரேன்" என்றது நாய். கேட்டுக் கேட்டு வேகத்தடைக்கும் ஒரு நப்பாசை வந்துவிட்டது. ஒரே ஒரு வண்டியாவது முதுகை மிதிக்காமல் போகாதா?

தீபாவளியன்று கார் மாலையோடு வெளியே வந்தது. வேகத்தடையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. வாங்கியவர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். காவலாளி "லெஃப்ட், லெஃப்ட்" என்று கையசைக்க, கார் கோணலாகத் திரும்பி அங்குலம் அங்குலமாக ஏறி இறங்கியது. அப்படியும் அடிவயிறு கரகரவென்று உரசியது.

நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

"அண்ணே," என்று முனகியது கார், "இந்த ரோட்டுல உங்க ஆளுங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்க?"

வேகத்தடைக்குச் சொல்ல மனசே வரவில்லை.

"பதினேழு."