ரெண்டு பூட்டுக்கும் ஒரே சாவி

"ரெண்டு பூட்டுக்கும் ஒரே சாவியா இருக்கணும்க்கா. கிடைக்குமா?"

அனுசுயா சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கல்லாவில் இருந்த கமருன்னிஸா, "என்னம்மா, சத்தமா சொல்லு" என்றதும் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

அதிராம்பட்டினம் கடைத்தெருவில் அந்த ஹார்டுவேர் கடையைப் பதினைந்து வருஷமாகத் தனியாக நடத்துகிறவர் கமருன்னிஸா. அனுசுயாவுக்குப் பட்டுக்கோட்டை. அங்கேயும் பூட்டு விற்கிற கடைகள் ஏழெட்டு உண்டு. ஆனால் எந்தக் கடையில் ஏறினாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும். அதனால்தான் ஸ்கூட்டரில் இவ்வளவு தூரம். கூட வந்த கணவன் மனோகரன் கடைக்குள் வரவில்லை. எதிரே மருந்துக்கடை நிழலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

கமருன்னிஸா நாலைந்து பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். "எதுக்கும்மா? கேட்டுக்கா, பீரோவுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"இந்தா, நம்பர் பூட்டு. சாவியே தேவையில்லை. இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க."

"வேண்டாம்க்கா. பதற்றத்துல நம்பர் மறந்துட்டா என்ன பண்றது?"

"அப்ப இதைப் பாரு. சுத்தியலால அடிச்சாலும் அசையாது."

அனுசுயா கையில் வாங்கிப் பார்த்தாள். கருங்கல் மாதிரி கனத்தது. "இவ்வளவு கெட்டி வேண்டாம். சாவி உள்ளயே உடைஞ்சு போச்சுன்னா, கட்டர் வச்சு உடனே வெட்டிடணும். அந்த மாதிரி இருந்தா குடுங்க."

பக்கத்தில் நின்று நைலான் கயிறு வாங்கிக்கொண்டிருந்த படகுக்காரர் வைரக்கண்ணு சிரித்துவிட்டார். "சுலபமா வெட்ட வர்ற பூட்டைத் தேடி வாங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

அனுசுயாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது.

கமருன்னிஸா சிரிக்கவில்லை. மேல் தட்டிலிருந்து சின்னதாக இரண்டு பித்தளைப் பூட்டுகளை எடுத்து வைத்தார். "ஒரே சாவி ரெண்டையும் திறக்கும். கூடவே இன்னொரு சாவியும் இருக்கு. துருப்பிடிக்காது."

"வேர்வை பட்டாலும் பிடிக்காதா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கமருன்னிஸா அவளை உற்றுப் பார்த்தார்.

அனுசுயா குனிந்துகொண்டு ஒரு பூட்டைப் பூட்டினாள், திறந்தாள். மறுபடி பூட்டினாள், திறந்தாள். எங்கேயும் சிக்கவில்லை. பிறகு தன்னையறியாமல் பூட்டின் விளிம்பை மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்து, கீறுகிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

சட்டென்று அவள் கையைப் பிடித்தார் கமருன்னிஸா.

"வெளியில வண்டியில இருக்கறது யாரும்மா?"

"வீட்டுக்காரர்."

"இதை வாங்கச் சொன்னது அவர்தானா?"

பொய் வரவில்லை. "ஆமா."

"கையில போடுறதுக்குத்தானே?"

அனுசுயா கையை உருவிக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

கமருன்னிஸாவின் குரல் தழைந்தது. "என் தங்கச்சியை அவ புருஷன் ரூம்ல போட்டு மூணு நாள் பூட்டி வச்சிருந்தான். கதவை உடைச்சுத்தான் தூக்கிட்டு வந்தோம். அவளும் உன்னை மாதிரிதான், வெளியில சொல்ல வெக்கப்பட்டா. நீ எதுக்கும்மா வெக்கப்படணும்? அவன்தானே வெக்கப்படணும்!" என்றபடி செல்போனை எடுத்தார். "பொம்பளைங்களுக்குன்னு உதவி நம்பர் இருக்கு. நானே பேசுறேன்."

"ஐயோ, வேண்டாம்க்கா! அவர் ரொம்ப நல்லவர்."

"என் தங்கச்சியும் இதையேதான் சொன்னா. அப்ப எதுக்கு இந்தப் பூட்டு? நீயே சொல்லு."

அனுசுயா சொல்ல வாயெடுத்தாள். யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாது என்று மனோகரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியது நினைவுக்கு வந்தது. போனைத்தான் பிடுங்கப் பார்த்தாள். இருவருக்கும் நடந்த இழுபறியில் பூட்டுகள் கீழே விழுந்து உருண்டன.

எதிர்ப்பக்கம் இருந்து அதைப் பார்த்துவிட்ட மனோகரன், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தான். வாசலிலேயே வைரக்கண்ணு அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"ஏன்யா, பொண்டாட்டிக்குப் பூட்டு மாட்டி வைக்கிற ஆம்பளையா நீ?"

தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மனோகரன் பிடியை விடுவித்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டிருந்த அனுசுயாவைப் பார்த்தான். சொல்லாதீங்க என்பது போல அவள் தலையை ஆட்டினாள்.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்கம்மா" என்றான் கமருன்னிஸாவிடம். "பத்து வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்து, போன மாசம்தான் அவகிட்டயே சொன்னேன். எங்க ரூமுக்குள்ள, ரெண்டு பேரும் சம்மதிச்சு விளையாடுற விளையாட்டு இது. யாருக்கும் அடிபட்டுடக் கூடாதுன்னுதான் அவ இவ்வளவு பாத்துப் பாத்து வாங்குறா."

யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி, தன் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினான்.

"பூட்டு என் கைக்குங்க. அவளுக்குச் சாவி மட்டும்தான்."