மூன்றாவது வாசல்

பூங்காவின் மூன்றாவது வாசலிலும் சக்கர நாற்காலி நுழைய முடியாதபடி இரும்புச் சுழல்கதவு நிற்கிறது. உச்சி வெயிலில் மதிலைச் சுற்றி நாற்காலியைத் தள்ளி வந்த நர்சுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. ஆறு வருடமாக இந்த வழியாகத்தான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். உள்ளே இத்தனை மரங்கள் இருப்பது, நேற்று பஸ் பாதியில் நின்று நடந்தபோதுதான் தெரிந்தது. நாற்காலியில் அவள் அப்பா, நான்கு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்திருப்பவர். "அண்ணே, இவரை எப்படி உள்ள கூட்டிட்டுப் போறது?" "நடந்து வரச் சொல்லுங்கம்மா," என்கிறார் காவலாளி, செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைத் திருப்புகிறாள். அது அசைய மறுக்கிறது. அப்பா வாசல் கம்பிக்குள் கையை விட்டு ஒரு கிளையைப் பிடித்திருக்கிறார். இலைநிழல் அவர் முழங்கைவரை ஆடுகிறது. "வீட்டுக்குப் போலாம்ப்பா." "இரும்மா. இப்பத்தானே வந்தோம்."