வெள்ளிக்கிழமைக் காற்று

"காத்து எத்தர ஏறிச்சு ரோஜா?"

மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வரும் போனில் கணவன் ரமேஷ்பாபுவின் முதல் கேள்வி இதுதான். சில வாரங்களில் கடைசிக் கேள்வியும் இதுவே.

"அறுபத்தஞ்சு."

"கொள்ளாம். அடுத்த வாரம் எழுபது பாரு. ரெண்டு கையாலயும் நேரா அமுக்கணும், கேட்டியா. ஒத்தக் கையால அடிச்சா வால்வு கோணிப்போகும்."

ரோஜா போனை வைத்தாள். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை. படகுத்துறைப் படியில் வழுக்கி விழுந்து முறிந்த வலது முழங்கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கட்டுப் பிரித்த பிறகு கை மடங்காமல் விறைத்து நின்றதும், பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் பிடித்து மடக்கியபோது வலி பொறுக்காமல் பாதியில் எழுந்து வந்ததும், பிராட்வே கடைத்தெருவில் பார்த்த தையல் வேலை போனதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் டயரைத்தான் கேட்கிறான்.

அவன் முன்பு வேலை பார்த்த விடுதியில், ஊர் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவனுக்கு விட்டுப்போன சைக்கிள் அது. மெலிந்த டயர், உள்ளே ட்யூப் கிடையாது. காற்றை அடைத்து நிறுத்துவதற்கென்று பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்குமாம். அது உலர்ந்துவிட்டது, வாரம் ஒருமுறை காற்று அடிக்காவிட்டால் டயர் விளிம்பை விட்டு விலகிவிடும், பிறகு கைப்பம்பால் ஏற்றவே முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

ஆகவே வாரம் தவறாமல் பம்பின் முன் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், அமுக்கினாள். பம்பின் அளவுமானியில் முள் நகர நகரக் கண்ணில் நீர் வந்தது. சில நாட்கள் அந்த டயர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. அதை விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறது.

திருப்பூணித்துறையிலிருந்து வந்த அம்மா ஆவுடையம்மாள் ஒருநாள் இதை நேரில் பார்த்தாள். பம்பைப் பிடுங்கி மூலையில் போட்டாள்.

"அவனுக்கு சைக்கிள்தான் பெண்டாட்டி. நீ அதுக்கு வேலைக்காரி. பொறப்படு வீட்டுக்கு."

 ரோஜாவுக்குப் பல நாளாகத் தனக்குள் சொல்லிக்கொண்டதை வேறொரு வாயில் கேட்டபோது அது உண்மையாகிவிட்டது போலிருந்தது. துணிகளை எடுத்து வைத்தாள். அம்மாவைப் பஸ் நிறுத்தத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளை ஒப்படைக்கச் சுள்ளிக்கல்லில் இருந்த அஜீஷின் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அஜீஷ் ரமேஷ்பாபுவின் நண்பன்.

திரவத்தை ஊற்றி இங்கேயே வைத்துக்கொள், இனி இதற்குக் காற்றடிக்க நான் இருக்க மாட்டேன் என்றாள். வீட்டைப் பூட்டிவிட்டதையும் சொன்னாள். அஜீஷ் டயரைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் பேசினான்.

"லிக்விட் இருக்கு சேச்சி. ஊத்தினா இப்படி வாரா வாரம் அடிக்க வேண்டாம்."

முன்பு கேட்டபோது சரக்கு வரவில்லை என்றாயே என்றாள் ரோஜா.

"ரமேஷ்பாபு சேட்டன் ஊத்தக்கூடாதுண்ணு சொல்லியிருக்கு. உள்ள இருந்தது உலரவும் இல்ல. போறதுக்கு முந்தின நாள் இங்க வந்து, சேட்டன் கையாலதான் எல்லாத்தையும் வடிச்சுட்டுப் போச்சு."

 இப்படி ஒரு வஞ்சம் எதற்கு என்று கேட்டாள்.

அஜீஷ் நிமிர்ந்து அவளுடைய வலது கையைப் பார்த்தான். அது முழங்கை மடங்கி, சேலைத் தலைப்பால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"கையைப் பத்திப் பேச்செடுத்தாலே சேச்சி அழுதுட்டு எழுந்து போயிடுமாம்," என்றான். "அதான் சேட்டன் காத்தைக் கேக்குது."