மணி கேட்ட எண்ணெய்

ஒரு மாதா கோயில் கோபுரத்தில் பெரிய மணி ஒன்று இருந்தது. ஒரு சுல்தான் ஊரைப் பிடித்ததும் கோயில் பள்ளிவாசலாயிற்று. மணியைக் கீழே இறக்கி, நாக்கைக் கழற்றி, தொழுகைக் கூடத்தில் வாய் மேலே பார்க்கத் தொங்கவிட்டு, எண்ணெய் ஊற்றி விளக்காக்கிவிட்டார்கள்.

"மானமே போச்சு! தலைகீழாத் தொங்குறேனே!" என்று மணி முனகியது.

"இப்பத்தான் அக்கா, நேரா இருக்கீங்க" என்றது பக்கத்தில் தொங்கிய வௌவால்.

போகப் போக, வயிற்றில் இளஞ்சூடான எண்ணெயும், தன் வெளிச்சத்தில் ஓதுகிற முகங்களும் மணிக்குப் பிடித்துப்போயின. பல வருஷம் கழித்து ஒரு ராஜா ஊரைப் பிடித்தார். பள்ளிவாசல் மறுபடி மாதா கோயிலாயிற்று. எண்ணெயைக் கொட்டிவிட்டு, நாக்கை மாட்டி, மணியைக் கோபுரத்தில் ஏற்றிக் கயிற்றை இழுத்தார்கள்.

"எண்ணெய்! எண்ணெய்! யாராவது ஊத்துங்களேன்!" என்று மணி கதறியது.

கீழே பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆண்டவரைக் கூப்பிட இத்தனை வருஷமா எப்படித் தவிச்சிருக்கு பாருங்க!"