மாறிப்போன டியூப்

வாசலில் நின்ற பேராசிரியரைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் கிழிகிழியென்று கிழித்தவர்.

நரம்புகள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் மரபணுக்கள் புற்றுநோய்த் திசுவிலும் விழித்துக்கொள்கின்றனவா என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத யாரோ ஒருவரின் குடல் திசுவைப் பேராசிரியரே கொண்டுவந்து கொடுத்தார். சோதித்தால், புற்றுநோய்த் திசுவில் போலவே அதிலும் அந்த மரபணுக்கள் விழித்திருந்தன.

"டியூபை மாத்திட்டே!" என்று குதித்தார். அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்கவில்லை. அந்தத் திசுவைக் குப்பையில் போடச் சொன்னார். அவள் வேலையையே விட்டுவிட்டாள்.

"அன்னிக்கு டியூபை மாத்தினது நீதானேம்மா?" என்றார் இப்போது, வாசற்படியிலேயே நின்றபடி.

"இன்னும் அதே பாட்டா? சத்தியமா நான் மாத்தல சார்."

"மாத்தினேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடேன்."

"செய்யாத தப்பை நான் எதுக்கு சார் ஒத்துக்கணும்?"

அவர் குரல் உடைந்தது. "அந்தத் திசு என் மனைவியோடதும்மா. போன வாரம் போயிட்டா. குடல்ல புற்றுநோய். கண்டுபிடிச்சப்போ எல்லாம் கைமீறிப் போயிருந்தது. நீ மாத்தலேன்னா... அன்னிக்கே அது தெரிஞ்சிருக்கு. நான்தான் நம்பல."

அவர் வாயால் இதைக் கேட்கத்தான் இரண்டு வருஷமாய்க் காத்திருந்தாள். கேட்டபின் எதுவுமே இனிக்கவில்லை.

உள்ளே அழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். மாத்தினது நான்தான்."